கோடு தாண்டியவரும் கேலரியில் சிரித்தவரும்

2021 ஜனவரி 10, சிட்னி. இந்தியா-ஆஸ்திரேலியா மூன்றாவது டெஸ்டின் நான்காம் நாள், தேநீர் இடைவேளை நெருங்கும் நேரம். முகமது சிராஜ் தன் ஓவரை முடித்துவிட்டு பவுண்டரி ஓரத்துக்குப் போனார். போன வேகத்திலேயே திரும்பினார். கேலரியின் ஒரு பகுதியை நோக்கிக் கையை நீட்டியபடி நடுவரிடம் வந்தார். கேப்டன் ரஹானே சேர்ந்துகொண்டார். ஆட்டம் சில நிமிடம் நின்றது. பாதுகாப்பு ஊழியர்களும் போலீஸாரும் கேலரிக்குள் ஏறி ஆறு பேரை வெளியேற்றினார்கள். இனவசை பேசுகிறார்கள் என்று முந்தைய நாளே இந்திய அணி முறையிட்டிருந்தது.

சிராஜுக்கு அப்போது 26 வயது. அது அவருடைய இரண்டாவது டெஸ்ட். ஹைதராபாத்தில் ஆட்டோ ஓட்டி மகனை வளர்த்த அப்பா, அந்தச் சுற்றுப்பயணம் தொடங்கும்போதுதான் இறந்துபோயிருந்தார். கடைசியாக முகம் பார்க்கக்கூடப் போகாமல் ஆஸ்திரேலியாவிலேயே தங்கி ஆடிக்கொண்டிருந்த பையன் அவர். கேலரிக்குள் ஏறிக் கை நீட்டியிருந்தால், 'பாவம், அவனும் மனுஷன்தானே' என்று பாதி இந்தியா அவர் பக்கம் நின்றிருக்கும். அவர் ஏறவில்லை. கேப்டனிடம் சொன்னார், நடுவரிடம் சொன்னார், மறுபடி பந்தைக் கையில் எடுத்தார். வேண்டுமானால் ஆட்டத்தை விட்டு வெளியேறலாம் என்று நடுவர்கள் சொன்னதாகவும், தவறு செய்தவர்கள் இருக்கும்போது நாங்கள் ஏன் வெளியேற வேண்டும் என்று ரஹானே மறுத்ததாகவும் சிராஜ் பின்னர் சொல்லியிருக்கிறார். அன்று மாலை செய்தியாளர்களிடம் பேசிய அஸ்வின், சிட்னியில் இது புதிதல்ல என்றார். மறுநாள் அதே அஸ்வின் 128 பந்துகளும் விஹாரி 161 பந்துகளும் தாக்குப்பிடித்து அந்த டெஸ்டை டிரா செய்தது நமக்கெல்லாம் மனப்பாடம்.

இந்தக் கதையின் பின்பாதிதான் அதிகம் பேசப்படாதது. வீரர்கள்மீது இனவசை பொழியப்பட்டது உண்மைதான் என்று விசாரணைக்குப் பிறகு கிரிக்கெட் ஆஸ்திரேலியா ஒப்புக்கொண்டது. ஆனால் வெளியேற்றப்பட்டவர்கள்தாம் அந்த வசவைப் பேசியவர்கள் என்று நிறுவ முடியவில்லை. கொரோனா கட்டுப்பாட்டால் அன்று கால்வாசிக் கூட்டம்தான். இருக்கைகள் இடைவெளி விட்டு ஒதுக்கப்பட்டிருந்தன. கேமராக்கள் இருந்தன. அப்படியும் யார் கத்தியது என்பது உறுதியாகவில்லை. அது நிச்சயமாகத் தெரிந்தவர்கள் அந்த மைதானத்தில் இருக்கத்தான் செய்தார்கள்: முன் வரிசை, பின் வரிசை, பக்கத்து இருக்கை. அவர்கள் சொன்னது போதவில்லை, அல்லது சொல்லவே இல்லை.

ரசிகர் சீண்டினால் வீரர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஒவ்வொரு சம்பவத்துக்குப் பிறகும் விவாதம் நடக்கிறது. அந்த விவாதத்தில் வீரரை மட்டும் கூண்டில் ஏற்றிவிட்டு மற்றவர்கள் வீட்டுக்குப் போய்விடுகிறோம்.

வீரருக்கான விதியில் சந்தேகத்துக்கு இடமில்லை. கோட்டைத் தாண்டிக் கேலரிக்குள் போகக் கூடாது. ரசிகரைத் தொடக் கூடாது. என்ன சொன்னாலும், எதை எறிந்தாலும் கூடாது. சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலின் நடத்தை விதிகளில் பார்வையாளரைத் தாக்குவது ஆகக் கடுமையான நான்காம் நிலைக் குற்றம். இதில் 'ஆனால்' சேர்க்க நான் தயாராக இல்லை. காரணம் நல்லொழுக்கம் மட்டும் அல்ல. கோடு தாண்டிய வீரர்களின் வரலாற்றைப் புரட்டினால், அப்படித் தாண்டியதில் எந்த நியாயமும் கிடைக்கவில்லை என்பது தெரியும்.

1995 ஜனவரி 25, லண்டன் செல்ஹர்ஸ்ட் பார்க். கிரிஸ்டல் பேலஸ் அணிக்கு எதிரான ஆட்டத்தில் மான்செஸ்டர் யுனைடெட்டின் எரிக் கன்டோனா சிவப்பு அட்டை வாங்கி வெளியே நடந்துகொண்டிருந்தார். ஒரு ரசிகர் பல வரிசைகள் இறங்கி விளிம்புவரை ஓடிவந்து வசை பாடினார். கன்டோனா தடுப்புக்கு மேல் பாய்ந்து அவர் மார்பில் உதைத்தார். அதன் விலை: எட்டு மாதத் தடை, கால்பந்துச் சங்கத்தின் 10,000 பவுண்டு அபராதம், முதலில் இரண்டு வாரச் சிறைத் தண்டனை, மேல்முறையீட்டில் அது 120 மணி நேர சமூக சேவையாக மாறியது. அவர் இல்லாத யுனைடெட் அந்தப் பருவத்தில் லீக் பட்டத்தை ஒரே ஒரு புள்ளியில் கோட்டைவிட்டது. எஃப்.ஏ. கோப்பை இறுதியிலும் தோற்றது. மிரட்டல் பேச்சுக்காக அந்த ரசிகர்மீதும் குற்றம் நிரூபணமானது என்பது எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? உதைத்த கால் மட்டும் முப்பது ஆண்டுகளாகத் தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருக்கிறது. வீரர் கை வைத்த கணத்தில் சீண்டியவரின் குற்றம் காணாமல் போய்விடுகிறது. எனக்கு இதுதான் பெரிய இழப்பாகப் படுகிறது.

இன்னொன்று, இதைவிட மோசமானது. 2004 நவம்பர் 19 அன்று டெட்ராய்ட் புறநகரான ஆபர்ன் ஹில்ஸில் பிஸ்டன்ஸ், பேசர்ஸ் கூடைப்பந்து அணிகளின் ஆட்டம் முடிய 45.9 நொடிகள் இருந்தன. வீரர்களுக்குள் தள்ளுமுள்ளு. பேசர்ஸ் அணியின் ரான் ஆர்டெஸ்ட் ஒதுங்கி, ஸ்கோர் பதிவு மேஜைமேல் மல்லாந்து படுத்துக்கொண்டார். நடுவர்கள் யார் யாரை வெளியே அனுப்புவது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். கேலரியிலிருந்து பறந்துவந்த பானக் கோப்பை ஒன்று அவர்மேல் விழுந்தது. எழுந்து பாய்ந்தார், இருக்கைகளுக்கு மேல் ஏறினார், ஓர் ஆளைப் பிடித்தார். அவர் கோப்பையை எறிந்தவர் அல்ல. எறிந்தவர் பக்கத்தில் எங்கோ இருந்தார். பிறகு வீடியோவைப் போட்டுப் பார்த்துத்தான் அரசு வழக்கறிஞர் தரப்பு சரியான ஆளைக் கண்டுபிடித்தது, அவருக்கு 30 நாள் சிறை கிடைத்தது. ஆர்டெஸ்டுக்கோ அந்தப் பருவம் முழுக்கத் தடை, மொத்தம் 86 ஆட்டங்கள். பின்னாலேயே ஓடிய சக வீரர்கள் உட்பட ஒன்பது பேருக்குத் தடைகள், கோடிக்கணக்கில் சம்பள இழப்பு.

கேலரி என்பது முகங்களின் காடு. ஓடுகிற ஓட்டத்தில், கோபம் கண்ணை மறைக்கும்போது, குற்றவாளியை அடையாளம் காணும் வித்தை எந்த வீரருக்கும் கைவராது.

பாகிஸ்தானின் இன்சமாம்-உல்-ஹக் 1997-இல் டொரண்டோவில் மட்டையோடு கேலரிக்குள் போனார். மெகாபோன் வைத்துக்கொண்டு ஒருவர் அவரை உருளைக்கிழங்கு என்று விடாமல் கேலி செய்துகொண்டிருந்தார். சாதுவான மனிதர் என்று பெயர் எடுத்தவருக்கு இரண்டு ஒருநாள் ஆட்டங்களில் தடை. வங்கதேசத்தின் சபீர் ரஹ்மான் 2017 டிசம்பரில் உள்நாட்டு ஆட்டம் ஒன்றின் நடுவே, சத்தம் போட்ட ஒரு சிறுவனை அடித்தார். மத்திய ஒப்பந்தம் போயிற்று, 20 லட்சம் டாக்கா அபராதம், ஆறு மாத உள்நாட்டுத் தடை. சிறுவனை அடித்தவருக்கு என் அனுதாபம் துளியும் இல்லை.

சரி, வீரர் பொறுத்துக்கொள்ளட்டும் என்று சொல்லி முடித்துவிடலாமா? பொறுத்தவர்களின் கணக்கையும் பார்க்க வேண்டும்.

முத்தையா முரளிதரனைவிட அதிகம் பொறுத்த கிரிக்கெட் வீரர் உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. 1995 டிசம்பரில் மெல்பர்ன் டெஸ்டில் நடுவர் டாரல் ஹேர் ஏழு முறை அவர் பந்தை 'நோ பால்' என்றார். அதற்குப் பிறகு ஆஸ்திரேலிய மைதானங்களில் அவர் ஓடிவரும்போதெல்லாம் கேலரி ஒரே குரலில் 'நோ பால்' என்று கத்தும். பிறவியிலேயே முழுதாக நீட்ட முடியாத கை அவருடையது. பரிசோதனைக்கு மேல் பரிசோதனை செய்து நிரூபித்தும் கூச்சல் நிற்கவில்லை. 2004-இல் அந்த நாட்டின் பிரதமர் ஜான் ஹோவர்டே, முரளி பந்தை எறிகிறார் என்று சொன்னார். பிரதமரே சொன்னபின் கேலரியில் பீர் கோப்பையோடு உட்கார்ந்திருப்பவருக்கு என்ன தடை? முரளி ஒரு தடவைகூட அந்தக் கூட்டத்தைப் பார்த்து விரல் நீட்டியதாக நினைவில்லை. அதே பெரிய சிரிப்பு, அதே பெரிய கண்கள், அடுத்த பந்து. ஆனால் 2004 ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்துக்கு அவர் போகவில்லை. வார்னேயும் அவரும் உலக சாதனைக்காகப் போட்டிபோட்டுக்கொண்டிருந்த நேரம் அது. டார்வினிலும் கெய்ர்ன்ஸிலும் அந்தப் பந்துவீச்சைப் பார்க்கக் கொடுத்துவைக்காமல் போனவர்களில் ஒருதடவையும் கத்தாத ஆயிரக்கணக்கான ரசிகர்களும் இருந்தார்கள்.

2022 மார்ச்சில் இண்டியன் வெல்ஸ் டென்னிஸ் அரங்கில் நவோமி ஒசாகாவை நோக்கி ஒரே ஒரு குரல் வந்தது. நீ மட்டம் என்று அர்த்தம் வரும் சின்ன வாக்கியம். அவர் நடுவரிடம் போனார், ஏதாவது செய்யச் சொன்னார், கூட்டத்திடம் தானே பேச மைக் கேட்டார். கிடைக்கவில்லை. அழுதபடியே ஆடி 0-6, 4-6 என்று தோற்றார். அந்தக் குரல் இனவசைகூட அல்ல, இதற்குப்போய் அழலாமா என்று கேட்டவர்கள் உண்டு. அதே அரங்கில் 2001-இல் செரீனா வில்லியம்ஸை இறுதியாட்டம் முழுக்க ஊளையிட்டு விரட்டினார்கள், அவர் 2015 வரை அந்தப் போட்டிப் பக்கமே வரவில்லை. அந்த வீடியோவைப் பார்த்து வளர்ந்த பெண் ஒசாகா. அந்த அரங்கின் பழங்கணக்கு அவர் மனதில் இருந்தது.

ரசிகருக்கு எதுவரை உரிமை என்ற கேள்வி இங்கே வந்துவிடுகிறது. காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவர் கைதட்டத்தான் வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. கேட்சை விட்டவரைத் திட்டலாம். ஐந்து ஓவராக ஒற்றை ரன்னாகத் தட்டுகிறவரைக் கேலி செய்யலாம். எதிரணி கேப்டனை விசில் அடித்துக் கலாய்க்கலாம். இவையெல்லாம் இல்லாவிட்டால் அரங்கு எதற்கு, வீட்டில் சோபாவில் சாய்ந்து பார்த்துவிடலாமே. எல்லை மீறுவது எப்போது என்றால், ஆட்டத்தை விட்டு ஆளின் நிறம், சாதி, மதம், நாடு, தாய், மனைவி, குழந்தை என்று பேச்சு போகும்போது. பொருள் எதையாவது எறியும்போது. ஒரே ஆளைக் குறிவைத்து மணிக்கணக்கில் விடாமல் நச்சரிக்கும்போது. இதைப் புரிந்துகொள்ளச் சட்டப் படிப்பு வேண்டாம். கத்துகிறவருக்கே தெரியும். அதனால்தான் திரும்பிப் பார்த்துச் சுற்றியிருப்பவர்கள் முகத்தை ஒருதரம் அளந்துவிட்டுக் கத்துகிறார்.

அந்த ஒருதரம் அளக்கிற பார்வை முக்கியமானது. பவுண்டரி ஓரக் கேலரியில் ஒரு பிற்பகல் உட்கார்ந்து பாருங்கள். எதிரணி ஃபீல்டர் கயிற்றுக்குப் பத்தடி தள்ளி முதுகைக் காட்டி நிற்பார். யாரோ அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். அவர் திரும்ப மாட்டார். இன்னும் சத்தமாக ஒரு நையாண்டி. நான்கு பேர் சிரிப்பார்கள். கூப்பிட்டவருக்குச் சிரிப்பு ருசித்துவிடும். அடுத்தது கொஞ்சம் காரமாக இருக்கும், சிரிக்கிறவர்கள் பத்தாவார்கள். மூன்றாவதில் உடம்பைப் பற்றியோ நிறத்தைப் பற்றியோ வந்துவிடும். இப்போது முகம் சுளிக்கிறவர்களும் இருப்பார்கள், ஆனால் சிரித்த வாயை உடனே மூட முடியாமல் பாதிச் சிரிப்போடு இருப்பார்கள். பக்கத்தில் ஒருவர் செல்போனைத் தூக்கி வீடியோ எடுக்க ஆரம்பித்திருப்பார், ஃபீல்டர் திரும்பி முறைத்தால் அதுவே அன்றைய ரீல்ஸ். கொள்ளியைப் பிடுங்கினால் கொதிப்பது அடங்கும் என்பார்கள். இங்கே கொள்ளி அந்த முதல் நான்கு பேரின் சிரிப்பு.

இத்தாலியில் 2024 ஜனவரி 20 அன்று உடினீஸ் அணியின் மைதானத்தில் ஏசி மிலான் கோல்கீப்பர் மைக் மேய்னான் இனவசையைக் கேட்டு முதலில் நடுவரிடம் சொன்னார். ஒலிபெருக்கியில் எச்சரிக்கை போனது. மறுபடி கேட்டபோது அவர் வெளியே நடந்தார், அணியே பின்னால் போனது. சிறிது நேரம் கழித்துத் திரும்பிவந்து மிலான் 3-2 என்று வென்றது. அதன்பிறகு மேய்னான் எழுதிய அறிக்கையில் கத்தியவர்களைவிடக் கடுமையாகச் சாடியது, எல்லாவற்றையும் கண்டு, கேட்டு, வாய்மூடி இருந்தவர்களைத்தான். நீங்களும் உடந்தை என்றார். அந்த வார்த்தை அன்று பலருக்கு உறைத்திருக்கும்.

ஆனாலும் நியாயமாகப் பேச வேண்டும். குடும்பத்தோடு வந்தவர், பக்கத்தில் இரண்டு குழந்தைகள், பின்னால் வாசலுக்கு வெளியே ஊற்றிக்கொண்டு வந்த நான்கைந்து பேர். 'தம்பி, கொஞ்சம் மரியாதையா பேசுங்க' என்று சொல்லப்போனால் வீரருக்கு விழுந்த வசவு இவருக்கும் குடும்பத்துக்கும் விழும். இவரை வீரனாக இருக்கச் சொல்வது அநியாயம். இவருக்கு வேண்டியது ஒரு வழி. இங்கிலாந்தின் கால்பந்து மைதானங்களில் பல ஆண்டுகளாக ஒரு குறுஞ்செய்தி எண் உண்டு. எந்த பிளாக், எந்த வரிசை, எந்த இருக்கை, என்ன நடக்கிறது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே தட்டி அனுப்பலாம். பக்கத்திலிருப்பவர் ஏதோ வாட்ஸ்அப் பார்ப்பதாகத்தான் நினைத்துக்கொள்வார்.

அந்த நாட்டுச் சட்டத்தில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1991-இல் வந்த கால்பந்துக் குற்றச் சட்டம் இனவெறிக் கோஷத்தைத் தண்டனைக்குரியதாக்கியது. ஆனால் கோஷம் என்றால் குறைந்தது இரண்டு பேர் சேர்ந்து எழுப்புவது என்று விளக்கம் எழுதிவைத்தார்கள். ஒற்றை ஆள் தொண்டை கிழியக் கத்தினால் அந்தப் பிரிவில் அடைக்க முடியாது. எட்டு ஆண்டு கழித்து, 1999-இல்தான், தனியாகக் கத்தினாலும் குற்றமே என்று திருத்தினார்கள். கூட்டம் என்றால் குற்றம், தனி ஆள் என்றால் சில்லறைத் தொல்லை என்ற அந்த மனப்போக்கு நம்மிடமும் இருக்கிறது. 'ஒருத்தன் கத்துறான், விடுங்க சார்.'

கேலரி முழுவதும் சேர்ந்து தவறு செய்யும்போது பக்கத்து இருக்கைக்காரர் எண்ணுக்குச் செய்தி அனுப்பி என்ன செய்வது? 2024 ஐ.பி.எல்.லில் ஹர்திக் பாண்டியாவுக்கு நடந்தது அதுதான். ரோகித் சர்மாவுக்குப் பதில் மும்பை கேப்டன் ஆக்கப்பட்டார் என்பது அவர் குற்றம். ஏப்ரல் 1 அன்று சொந்த மைதானமான வான்கடேயில் டாஸ் போட வந்தபோது ஊளைச் சத்தம் காதைப் பிளந்தது. மைக் வைத்திருந்த சஞ்சய் மஞ்ச்ரேக்கர், ஒழுங்காக நடந்துகொள்ளுங்கள் என்று கூட்டத்தைப் பார்த்து ஒரே வார்த்தையில் சொன்னார். பவுண்டரி ஓரம் நின்ற ரோகித்தும் நிறுத்தும்படி கையசைத்தார். யார் பெயரால் ஊளையிடுகிறார்களோ அவரே வேண்டாம் என்று சொல்வது அந்தக் கூட்டத்துக்குப் புரிகிற ஒரே மொழி. மூன்று மாதம் கழித்து, உலகக் கோப்பை இறுதியின் கடைசி ஓவரை வீசிவிட்டு வந்தபோது அதே வான்கடே ஹர்திக்கின் பெயரைச் சொல்லி ஆர்ப்பரித்தது. இதை மனமாற்றம் என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. ஜெயித்துக் கொடுத்தால்தான் மரியாதை என்பது எந்த ஊர் நியாயம்?

தன் ரசிகரைத் தானே அடக்குவது வீரரின் கடமைகளில் சேர்க்கப்பட வேண்டும். விராட் கோலி 2012 ஜனவரியில் சிட்னிக் கூட்டத்தைப் பார்த்து நடுவிரலைக் காட்டி, ஆட்டச் சம்பளத்தில் பாதியை அபராதமாகக் கட்டியவர். அதே கோலி 2019 உலகக் கோப்பையில் ஓவல் மைதானத்தில், பவுண்டரி ஓரம் நின்ற ஸ்டீவ் ஸ்மித்தை இந்திய ரசிகர்கள் ஏமாற்றுக்காரர் என்று ஊளையிட்டபோது, கேலரியைப் பார்த்துக் கைதட்டுங்கள் என்று சைகை செய்தார். ஸ்மித் வந்து தோளில் தட்டிக்கொடுத்தார். அந்த ஆண்டின் 'ஸ்பிரிட் ஆஃப் கிரிக்கெட்' விருது அதற்காகவே கோலிக்குக் கிடைத்தது. நட்சத்திரத்தின் ஒரு கையசைப்புக்கு ஐம்பது காவலர்களின் தடிக்கு இல்லாத பலம் இருக்கிறது. அந்தக் கையால் கூட்டத்தைக் கிளப்பியும் விடலாம் என்பதால், விக்கெட் எடுத்ததும் கேலரியைப் பார்த்துக் காதில் கைவைத்து உசுப்பேற்றுகிறவர்கள் யோசிக்க வேண்டும்.

மஞ்ச்ரேக்கரின் மைக்கைப் பற்றிச் சொன்னதும் நம் ஊர்க் கபடிப் போட்டிகள் ஞாபகம் வருகின்றன. ஆடுகளத்தின் கோட்டுக்கு இரண்டடி தள்ளிக் கூட்டம் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும். விழாக் கமிட்டியில் மைக் பிடிக்கிறவர் யார் யார் எந்த ஊர், எந்தத் தெரு என்று தெரிந்தவர். 'அந்த மஞ்சச் சட்டைத் தம்பி, ஆட்டக்காரங்க நம்ம ஊருக்கு வந்த விருந்தாளிங்க' என்று ஒரு வரி சொல்வார். மஞ்சள் சட்டைக்காரர் தலையைக் குனிந்துகொள்வார். பெரிய அரங்குகளின் ஒலிபெருக்கி பாட்டுப் போடவும் விளம்பரம் சொல்லவும்தான் வாய் திறக்கிறது.

நம் சென்னையின் சேப்பாக்கம் விஷயத்துக்கு வருவோம். 1999 ஜனவரி 31 அன்று அங்கே நடந்த டெஸ்டில் இந்தியாவைப் பாகிஸ்தான் 12 ரன்னில் வென்றபோது மொத்த அரங்கும் எழுந்து நின்று கைதட்டியது, வாசிம் அக்ரமின் அணி மைதானத்தைச் சுற்றி ஓடி அந்தக் கைதட்டலை ஏற்றுக்கொண்டது. டெண்டுல்கர் முதுகு வலியோடு 136 அடித்தும் தோற்ற நாள். அடுத்த மாதமே கொல்கத்தா ஈடன் கார்டனில் டெண்டுல்கரின் ரன் அவுட்டுக்காகக் கூட்டம் கொந்தளித்து, அரங்கைக் காலி செய்துவிட்டு ஆட்டத்தை முடிக்க வேண்டியிருந்தது. அந்த வேறுபாட்டைச் சொல்லிச் சொல்லி இருபத்தைந்து வருடமாக நம்மை நாமே பாராட்டிக்கொள்கிறோம். 2018 ஏப்ரல் 10-ஐயும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இரண்டு வருடத் தடைக்குப் பிறகு சென்னை சூப்பர் கிங்ஸ் சொந்த மைதானத்தில் ஆடிய முதல் ஆட்டம். காவிரி மேலாண்மை வாரியத்துக்கான போராட்டம் உச்சத்தில் இருந்தது. கேலரியிலிருந்து செருப்புகள் ஜடேஜா நின்ற பக்கமாக மைதானத்துக்குள் வந்து விழுந்தன. வீரர்கள் அவற்றை ஒதுக்கிவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். காவிரிக்கான கோபம் நூற்றுக்கு நூறு நியாயம். அதற்கு ஜடேஜா என்ன செய்வார்? மிச்ச ஆட்டங்கள் புனேவுக்குப் போயின. செருப்பு எறியாத அத்தனை பேரும் விசில் போடப் புனேவுக்கு ரயில் ஏற வேண்டியதாயிற்று.

அமைப்பாளர்களின் பங்கு இங்கேதான் தொடங்குகிறது. டெட்ராய்ட் கலவரத்துக்குப் பிறகு என்.பி.ஏ. வீரர்களைத் தண்டித்ததோடு நிற்கவில்லை. 2005-இல் ரசிகர்களுக்கு நடத்தை விதிகள் வெளியிட்டது, ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதியில் மது விற்பனையை நிறுத்தியது, ஒருவருக்கு எத்தனை கோப்பை என்று வரம்பு வைத்தது. மது விற்பனையில் வருகிற பணத்தில் கைவைத்தார்கள் என்பதால்தான் அந்த மாற்றத்தை நான் நம்புகிறேன். ஸ்பெயினில் வினிசியஸ் ஜூனியரை 2023 மே மாதம் வாலென்சியா மைதானத்தில் இனவசையால் குத்திக் கிழித்தார்கள். அந்த ஆட்டத்தில் சிவப்பு அட்டை வாங்கியதும் அவர்தான், பிறகு அது ரத்தானது. மூன்று ரசிகர்களுக்கு எட்டு மாதச் சிறைத்தண்டனை விதித்துத் தீர்ப்பு வந்தது 2024 ஜூனில். கால்பந்து மைதான இனவசைக்காக அந்த நாட்டில் விழுந்த முதல் தண்டனை அது. அதற்கு முன் எத்தனை வீரர்கள் முறையிட்டு ஓய்ந்தார்கள் என்பதை யோசித்தால், வினிசியஸ் ஏன் அவ்வளவு ஆத்திரப்பட்டார் என்பது புரியும். நடுவரிடம் போய்ச் சொன்னால் ஏதாவது நடக்கும் என்ற நம்பிக்கை இருக்கிறவர்தான் நடுவரிடம் போவார். சிராஜ் போனதற்கு அவருடைய நிதானம் ஒரு காரணம், ரஹானேயும் நடுவர்களும் ஆட்டத்தை நிறுத்தத் தயாராக இருந்தது இன்னொரு காரணம்.

இதை இளம் வீரர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறோமா? தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் பத்தொன்பது வயதுப் பையன்கள் கேமராவுக்கும் கேலரிக்கும் நடுவே ஆடுகிறார்கள். யார்க்கரும் ஸ்லோயர் பந்தும் சொல்லிக்கொடுக்கிற பயிற்சியாளர், பவுண்டரி ஓரத்தில் வசவு விழுந்தால் முதலில் யாரிடம் சொல்வது, எத்தனையாவது முறையில் சொல்வது, ஃபீல்டிங் இடத்தை மாற்றக் கேட்கலாமா என்பதையும் ஒரு மாலை உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கலாம். முதல் முறையே சொல்லிவிடு, பத்தாவது முறைவரை அடக்கிக்கொண்டு இருக்காதே என்பதுதான் அந்த வகுப்பின் சாரமாக இருக்க வேண்டும். அடக்கி அடக்கித்தான் வெடிக்கிறார்கள்.

அரங்கு நடத்துகிறவர்கள் செய்ய வேண்டியதில் பெரிய செலவு இல்லை. பவுண்டரி ஓரம் நிறுத்தப்படும் பாதுகாப்பு ஊழியர் ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி, கேலரியைப் பார்த்து நிற்க வேண்டும். தோனி இறங்கினால் அவரும் திரும்பிவிடுகிறார், மனித இயல்புதான், ஆனால் சம்பளம் அதற்கல்ல. வசவு ஒரே பகுதியிலிருந்து இரண்டாவது முறை வந்தால் ஒலிபெருக்கியில் அந்த பிளாக்கின் பெயரைச் சொல்லித் தமிழில் எச்சரிக்க வேண்டும். டிக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் நடத்தை விதிகளை அச்சிடுவதோடு விடாமல், முன் இருக்கையின் முதுகில், கண்ணுக்கு நேராக, ஒரு வாட்ஸ்அப் எண்ணை ஒட்ட வேண்டும். அந்த எண்ணுக்கு மறுமுனையில் ஒரு மனிதர் இருக்க வேண்டும். செய்தி அனுப்பியவருக்கு, கத்தியவரை வெளியேற்றிவிட்டோம் என்றோ, சாட்சி போதவில்லை என்றோ, ஆட்டம் முடிவதற்குள் ஒரு வரி பதில் போக வேண்டும். பதில் வராத எண்ணுக்கு யாரும் இரண்டாவது தடவை அனுப்ப மாட்டார்கள்.